ஜெயிலுக்குப் போக ஒரு நல்ல நாள்

அத்தியாயம் பதினான்கு

கணவன் ஜெயிலுக்குப் போகிற அன்று மனைவி எந்தச் சேலை உடுத்த வேண்டும் என்று பரவையில் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு முறை இருக்கிறது, சாவுக்கு ஒரு முறை இருக்கிறது. சத்தியாக்கிரகத்துக்கு இன்னும் யாரும் முறை வைக்கவில்லை. விடிந்ததிலிருந்து மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்த ரெங்கம்மாள், கடைசியில் அரக்குச் சுங்கடியைக் கட்டிக்கொண்டாள். அழுது துடைத்தால் ஈரம் தெரியாத நிறம்.

அழுகையில் அவள் குறை வைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பை விடும்போதே அவள் கண்ணில் நீர் கட்டிவிடும். வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. ஜெயிலில் களிதானே போடுவார்கள் என்ற இரக்கத்தில் ஊரே பலகாரம் சுட்டது. பால் பணியாரம், அதிரசம், எள்ளுருண்டை. உக்கிரபாண்டி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்தவர் மனசை நோகடிப்பதும் இம்சைதான் என்பது அவர் கட்சி. ஒரு வாரத்தில் அவருடைய கதர் சட்டை வயிற்றுப் பக்கம் இறுகிவிட்டது.

கத்தரிக்காய்த் தோட்டத்தையும் இரண்டு பசுக்களையும் கட்டி ஆண்டுகொண்டிருந்த மனிதர் யுத்த எதிர்ப்புக்குப் பெயர் கொடுத்த கதையைப் போன வாரங்களில் பார்த்தோம். சத்தியாக்கிரகியின் வழக்கப்படி, மாசி மாதத்து இந்தச் சந்தை நாளில், உச்சிப் பொழுதில், சந்தை நடுக்கல்லில் ஏறி யுத்தத்துக்கு எதிராகக் கோஷம் போடப் போகிறேன் என்று கலெக்டருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டார். குற்றம் செய்யப் போகிறவனே இடமும் நேரமும் சொல்லி அனுப்புகிற இந்தப் புது வழக்கம் பரவைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. வசதியாக முன்னால் போய் இடம் பிடிக்கலாம்.

உக்கிரபாண்டிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் ஜெயிலுக்குள் போய்விட வேண்டும் என்று அன்றைக்கு அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டது அவர் மனைவிதான்.

காரணம் அன்னக்கொடி. அவர்களுடைய ஒரே மகள். ரெங்கம்மாளின் அண்ணன் மலையாண்டியின் மகன் சுருளிக்குத்தான் அவள் என்பது இருவரும் மண்ணில் விளையாடிய காலத்திலேயே பேசி முடித்தது. அந்தச் சுருளி பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்தான். இப்போது லீவில் வந்திருக்கிறான். லீவு முடிந்ததும் கப்பல் ஏற வேண்டும். கதர் கட்டிய அன்றே உக்கிரபாண்டி அடித்துச் சொல்லிவிட்டார்: "யுத்தத்துக்கு ஆளும் கொடுக்க மாட்டேன், பணமும் கொடுக்க மாட்டேன், பொண்ணும் கொடுக்க மாட்டேன்!"

அவர் உள்ளே போனால் வருகிற வியாழக்கிழமை முகூர்த்தம். அண்ணன் வீட்டில் பந்தல் போட்டாயிற்று. வெளியே வரும்போது மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே, அதற்கு மேல் எந்தச் சத்தியாக்கிரகம் செய்வார்?

"அம்மா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள் அன்னக்கொடி, ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்தபடி.

"கல்யாணப் பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்."

"அதில்லம்மா. அப்பாவ ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் மாலையும் கழுத்துமா நிக்கணுமா? அவரு நின்னு தாரை வாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

"ஆமாடி, நீட்டாம இரு. அவன் மணல்காட்டுல போய் லாரி ஓட்டட்டும், நீ இங்கன பசுவ மேய்ச்சுக்கிட்டு இரு." சொன்ன கையோடு தட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

உக்கிரபாண்டி நெற்றியில் திலகத்துடன், கழுத்தில் சாமந்தி மாலையுடன் நின்றிருந்தார். "அழாத ரெங்கு" என்றார். "ஆறு மாசம் ஓடிரும்."

"ஆறு மாசந்தானே?" என்று அவசரமாகக் கேட்டாள் ரெங்கம்மாள். "கொறைக்க மாட்டாகளே?"

மனைவியின் துயரத்தை நினைத்து அவர் கண் கலங்கியது.

* * *

பரவைச் சந்தையில் அன்று கத்தரிக்காயைவிடக் கருத்துகள் அதிகம்.

"யுத்தம் நின்னாத்தான்யா நூல் வெல இறங்கும். அண்ணன் நல்லாக் கத்தட்டும்" என்றான் செல்லூரிலிருந்து துண்டு மூட்டையோடு வந்திருந்த சோணை.

"நிக்கட்டும்னு சொல்லாத. பட்டாளத்துக்கு வெத்தல போகுதாம். இப்பத்தான் நாலு காசு பாக்குறேன்" என்றாள் வெற்றிலைக்காரி சின்னத்தாய்.

"இங்கன கத்துனா லண்டன்ல கேக்குமா?"

"லண்டன்ல எதுக்குக் கேக்கணும்? ஏட்டய்யாவுக்குக் கேட்டாப் போதும்."

"அப்ப ஹிட்லரு வந்துட்டா?"

"வரட்டுமே. நம்ம கண்மாய்க்கரை வண்டிப் பாதையில ஒருக்க வந்து பாக்கட்டும். இடுப்பு ஒடிஞ்சு அவனே திரும்பிப் போயிருவான்."

யுத்தம் வேண்டாம் என்பதில் சந்தையில் பாதிப் பேருக்குச் சம்மதம். உக்கிரபாண்டி ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். பலகாரம் சுட்டுக் கொடுத்தவர்கள் அல்லவா!

கூட்டத்தில் முத்துத்தாயும் நின்றிருந்தாள். மலையாண்டியின் மனைவி, சுருளியின் தாய். மாப்பிள்ளை வீட்டார் சார்பில், சம்பந்தி கைதாவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். ரெங்கம்மாளைப் பார்த்துத் தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானைக்குள் சிரித்தாள்.

உக்கிரபாண்டி கல்லில் ஏறினார். இருமிக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தார்.

"வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு ஆளும் கொடுக்காதே! பணமும் கொடுக்காதே! அகிம்சையாலே யுத்தத்தை எதிர்த்து நில்!"

சந்தை முழுவதும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிப் புளியமரத்தடியைப் பார்த்தது. அங்கே ஏட்டு சேக் இஸ்மாயில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை வாயில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

உக்கிரபாண்டி மறுபடியும் சொன்னார், இன்னும் உரக்க. ஏட்டு கடலைத் தோலை ஊதினார்.

"ஏட்டய்யா, காதுல விழுகலையா?" என்று சோணை கத்தினான்.

"விழுந்துச்சே. மாஷா அல்லாஹ், நல்லாச் சொன்னாரு."

"பிடிக்கலையா?"

"பிடிச்சிருந்துச்சு. ஆனா பிடிக்கிறதா இல்ல."

கூட்டம் சலசலத்தது. "எங்க எள்ளுருண்டை வீணாப் போச்சே!" என்று ஒரு பெண் குரல் வெளிப்படையாகவே வருந்தியது. உக்கிரபாண்டியின் முகம் மழையில் நனைந்த துண்டு போல ஆயிற்று. இருந்தும் சத்தியாக்கிரகி அல்லவா! நிமிர்ந்து நின்றார்.

"பிடிக்கலைன்னா டெல்லியப் பாத்து நடக்கணும். வழியில உள்ள ஊர்லெல்லாம் இதையே சொல்லிக்கிட்டுப் போகணும். அது காந்தி உத்தரவு. நான் இப்பவே கிளம்புறேன்."

"டெல்லி எங்கிட்டண்ணே இருக்கு?"

"திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு."

ரெங்கம்மாள் மனசுக்குள் வழியை எண்ணிப் பார்த்தாள். திண்டுக்கல் ரோட்டில் பரவைக்கு அடுத்த ஊர் சமயநல்லூர். சமயநல்லூரில் ரோட்டு மேலேயே அண்ணன் வீடு. அண்ணன் வீட்டு வாசலில் வாழை கட்டிய பந்தல். டெல்லிக்குப் போகிறவர் பொழுது சாயுமுன்னே அந்தப் பந்தலில்தான் போய் நிற்பார்!

அவள் யோசிப்பதற்குள் முத்துத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்துவிட்டாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ஆளு கொடுக்காதேங்கிறீக. நான் ஒத்தப் பிள்ளையக் கொடுத்துட்டு நிக்கிறேன். நான் பண்ணுனது பாவமா?"

உக்கிரபாண்டி கல்லை விட்டு இறங்கினார். மேலே நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

"பாவம் உன்னதுல்ல தங்கச்சி. ஒத்தப் பிள்ளைன்னு தெரிஞ்சும் கேக்குறான் பாரு, அவனுது."

முத்துத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு கேட்டாள்: "அப்ப பாவம் பண்ணாத என் மகனுக்கு உங்க பொண்ணு ஏன் இல்லைங்கிறீக?"

"அது... அது வேற."

"என்னண்ணே வேற?" என்று சோணை எடுத்துக் கொடுத்தான். கூட்டத்துக்கு இதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இன்னும் ஒரு பேச்சு நீண்டால் முத்துத்தாய் முகூர்த்த நேரத்தையே சொல்லிவிடுவாள் என்று ரெங்கம்மாளுக்குப் புரிந்தது. ஓட்டமும் நடையுமாகப் புளியமரத்தடிக்குப் போனாள்.

"என்னண்ணே இது? நாளு சொல்லி, நேரஞ்சொல்லி, மாலை போட்டு அனுப்பியிருக்கோம். பிடிக்க மாட்டேன்னா எப்படி?"

"மேலேருந்து உத்தரவு தங்கச்சி. உக்கிரபாண்டியத் தொடாதேன்னுட்டாங்க. ஜெயில்ல எடமில்லையாம். தொண்டை வத்தினா அவரே வீட்டுக்குப் போயிருவாருன்னு நெனப்பு."

"அவுக தொண்ட வத்தாது. எனக்குத் தெரியாதா?"

"நான் என்ன செய்ய? வேற யாராச்சும் சொன்னாப் பிடிச்சே ஆகணும். இவரு ஒருத்தருக்கு மட்டுந்தான் இந்த உத்தரவு."

இந்தக் கடைசி வார்த்தைகளை ரெங்கம்மாள் நின்று கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. கண்ணுக்குள் பந்தல் வாழை ஆடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காதுண்ணே. அவுக என்ன சொன்னாக தெரியுமா? ‘வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு ஆளும் கொடுக்காதே’ன்னாக!"

"மெதுவா, தங்கச்சி."

"‘பணமும் கொடுக்காதே’ன்னாக! அது தப்பில்லையா?"

"தப்புதான். மெதுவா."

"‘யுத்தத்தை எதிர்த்து நில்’லுன்னாக! இதவிட ஒரு மனுசன் என்னதான் சொல்லணும்? ஆளும் கொடுக்காதே! பணமும் கொடுக்காதே! எதிர்த்து நில்! இதுக்குக்கூடப் பிடிக்கலைன்னா சர்க்கார் எதுக்கு?"

இதே சந்தையில் கத்தரிக்காய் கூவி விற்ற குரல் அது. உக்கிரபாண்டியின் கோஷம் வெற்றிலைக் கடை வரைக்கும்தான் போயிற்று. ரெங்கம்மாளின் கோஷம் கண்மாய்க் கரையில் மேய்ந்த மாடுகளையே நிமிர வைத்தது. மதுரையிலிருந்து அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டரையும் நிற்க வைத்தது.

சேக் இஸ்மாயில் கடலையைக் கொட்டிவிட்டு எழுந்து சல்யூட் அடித்தார்.

"யார் இந்தப் பொம்பளை?"

"சார், இவங்க சும்மா... அவங்க வீட்டுக்காரர் சொன்னதை..."

"உன்னைக் கேக்கலை." இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர், வேலைக்குப் புதிது. ரெங்கம்மாளைப் பார்த்தார். அவளுக்கு இவர் வயசில் ஒரு தம்பி இருந்திருக்கலாம். "இந்தாம்மா, நீயா கோஷம் போட்டே? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. வீட்டுக்குப் போகலாம்."

ஒரே ஒரு வார்த்தை. ரெங்கம்மாள் வாயைத் திறந்தாள்.

எதிரே ஊர் நின்றிருந்தது. ஊருக்கு முன்னால் உக்கிரபாண்டி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. திருவிழாக் கூட்டத்தில் யாரோ அழகான பெண் நிற்கிறாளே என்று பார்த்துவிட்டு, அட, நம்ம வீட்டுக்காரி என்று கண்டுகொண்ட பார்வை. இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பிறகு எதற்கு அப்படிக் கத்தினாய் என்று கேட்பார்கள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லித்தான் கத்தினேன் என்று இந்தக் கூட்டத்தில் சொல்ல முடியுமா?

அதுமட்டும் இல்லை. முத்துத்தாயின் சிவந்த கண்களும் அங்கே இருந்தன. சுருளி தவழ்ந்தது, விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது, அத்தை அத்தை என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைந்தது எல்லாம் ரெங்கம்மாளின் மடியில் நடந்தவை. அவனைக் கொண்டுபோய் யாரோ ஒருவனுடைய சண்டையில், பெயர் தெரியாத மணல்காட்டில் நிறுத்தப் போகிறார்கள். அதைச் சரி என்று அவள் எப்போதாவது நினைத்தாளா? யாரும் அவளைக் கேட்கவில்லை. அதனால் அவளும் நினைத்துப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் ஒருத்தர் கேட்கிறார், அதுவும் தொப்பி போட்டுக்கொண்டு.

"ஆமாய்யா" என்றாள். "சொன்னேன். அப்ப அவுகளுக்காகச் சொன்னேன். இப்ப நீங்க கேக்குறதால எனக்காகவும் சொல்லுறேன்."

"ரெங்கம்மாளுக்கு ஜே!" என்று சின்னத்தாய் அலறினாள். பட்டாளத்து வெற்றிலை வியாபாரம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. சந்தையே திருப்பிக் கத்தியது.

உக்கிரபாண்டி ஓடி வந்தார். "இன்ஸ்பெக்டர், இது செல்லாது! இவ நோட்டீஸ் கொடுக்கல. கமிட்டியில பேர் இல்ல. ராட்டையத் தொட்டதே இல்ல. முறையான சத்தியாக்கிரகியே கிடையாது!"

"சட்டத்துக்கு ராட்டை கணக்கில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏட்டு, ஏத்து வண்டியில."

"என்னைய விட்டுட்டு அவளப் பிடிக்கிறீகளே, இதென்ன நியாயம்?" அவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, தன் கழுத்தில் இருந்த சாமந்தி மாலையைக் கழற்றி ரெங்கம்மாளின் கழுத்தில் போட்டார். கல்யாணத்தன்று போட்டதற்குப் பிறகு அவர் அவளுக்கு மாலை போடுவது இப்போதுதான். ரெங்கம்மாளுக்கு முதல் முறையாக அன்று உண்மையான அழுகை வந்தது.

பெண் கைதி என்பதால் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்றார் ஏட்டு. அவர் சொல்லி முடிக்குமுன் சின்னத்தாய் கூடையோடு, ஏட்டு வந்திருந்த குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "மதுரைக்கு எனக்கும் சோலி இருக்கு. சர்க்கார் வண்டியில போனா என்ன கொறஞ்சிரும்?"

ரெங்கம்மாள் ஏறினாள். அன்னக்கொடி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"அழாதடி. ஏங்க, சிவப்பிக்கு ராத்திரியில தவிடு வைக்காதீக, வயிறு உப்பிரும். மாவடு ஊறுது, ஈரக்கையைப் போட்டுறாதீக. அப்புறம்..."

"அப்புறம்?"

அவள் மகளைப் பார்த்தாள். முத்துத்தாயைப் பார்த்தாள். முத்துத்தாய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஆனால் இனி யார் சொல்வது? யார் நடத்துவது?

"வர்ற வியாழக்கிழமை முகூர்த்தம்."

"என்ன முகூர்த்தம்?"

"அன்னக்கொடிக்கும் சுருளிக்கும். எங்கண்ணன் வீட்டுல பந்தல் போட்டாச்சு."

"எனக்குத் தெரியாமயா?"

"நீங்க ஜெயில்ல இருப்பீகன்னு நெனச்சேன்" என்றாள் ரெங்கம்மாள், மிகவும் அடக்கமாக.

சந்தை விழுந்து விழுந்து சிரித்தது. இன்ஸ்பெக்டர்கூடத் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். உக்கிரபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் ஒரு வார அழுகையை அவர் முதலிலிருந்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்பா" என்றாள் அன்னக்கொடி. சக்கரத்தை விட்டுவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள். "எனக்கும் தெரியும். சொல்லாதது என் தப்பு. ஆனா நீங்க நின்னு கொடுத்தாத்தான் கட்டிக்குவேன். இல்லைன்னா மச்சான் கப்பலேறிப் போகட்டும். நான் காத்துக் கெடக்கேன்."

ஏட்டு முன்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரன் குதிரையைத் தட்டிவிட்டான்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்கண்ணே!" ரெங்கம்மாள் பின்பக்கத் தட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். உக்கிரபாண்டி கைத்தடியை எடுத்தார். திண்டுக்கல் ரோட்டைப் பார்த்துத் திரும்பினார். நடந்தார். பின்னால் கொஞ்சம் தள்ளி அன்னக்கொடி; அவளுக்குப் பின்னால் முத்துத்தாய்; அதற்கும் பின்னால் வியாபாரத்தை விட்டுவிட்டு அந்தக் கூட்டம்.

"ஏண்ணே, அவுக டெல்லிக்குப் போறாகளா, சமயநல்லூருக்குப் போறாகளா?"

"ரெண்டுக்கும் ஒரே ரோடுதானே தங்கச்சி" என்றார் சேக் இஸ்மாயில், பெருமூச்சு விட்டபடி. "நான் மதுரையப் பாத்துல்ல உக்காந்திருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"நிக்கிறாரு, நிக்கிறாரு!" என்றாள் சின்னத்தாய்.

ஆமாம், உக்கிரபாண்டி நின்றுவிட்டார். மகளைத் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கி என்னவோ சொன்னார். வண்டி கிளப்பிய புழுதியில் அந்தக் கை ‘வா’ என்றதா, ‘வீட்டுக்குப் போ’ என்றதா என்று ரெங்கம்மாளுக்குத் தெரியவில்லை. மாலையோடு சேர்த்து மார்பை அழுத்திக்கொண்டு அவள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். அதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.